பல்லியா, பள்ளியா? கடைசி வரிசைக்கும் கேட்க ஓர் இசைப்பெட்டி

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பழைய தனி வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு பொருள் வந்து சேர்கிறது. வீட்டார் 'மியூசிக் சிஸ்டம்' என்று சொல்லும் ஸ்டீரியோ செட். புது வீட்டில் அதற்கு இடமில்லை. எடைக்குப் போடவும் மனம் வருவதில்லை. ஆம்ப்ளிஃபையர் ஒன்று, மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, சில நேரம் கூடவே ஒரு சப்வூஃபர், ஒரு பை நிறையச் சிக்குப் பிடித்த வயர்கள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய கையோடு அது அலமாரியின் மேலேயும் ஏறிவிடும். பின்பக்கம் இத்தனை துளைகள் இருக்கின்றனவே, எதை எதில் செருகுவது, புகைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற தயக்கம்தான் காரணம். இப்படி மேலே ஏறிய சில செட்டுகளை இறக்கி, தூசு தட்டி, வகுப்பறையில் இணைத்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த இணைப்பு வேலையை இங்கே விளக்குகிறேன். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைத் தாண்டிய எதுவும் இதற்குத் தேவைப்படாது.

முதலில், இது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி போதாதா என்று கேட்கும் ஆசிரியர்கள் பலர். 'எண்ணும் எழுத்தும்' பாடல்களையும், பாடநூலின் விரைவுத் துலங்கல் குறியீட்டில் வரும் ஒலிப்பதிவுகளையும் நாம் பெரும்பாலும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத்தான் கேட்கவைக்கிறோம். ஒரு நான்காம் வகுப்பில் அப்படிச் 'சொல்வதை எழுதுதல்' நடந்தபோது தாள்களை வரிசை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முன்வரிசைகளில் 'பள்ளி' பள்ளியாகவே இருந்தது. கடைசி இரண்டு வரிசைகளில் பாதிக்கு மேல் 'பல்லி'. 'வழி' என்ற சொல் வலியாகவும் வளியாகவும் மாறியிருந்தது. அதே சொற்களை அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று நான் வாயால் சொன்னபோது பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். அவர்களுக்கு எழுத்து தெரிந்திருந்தது. காதுக்குத்தான் வந்து சேரவில்லை. அந்தத் தாள்களை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் மெல்லக் கற்போர் பட்டியலில் அத்தனை பெயரும் ஏறியிருக்கும்.

ல, ள, ழ மூன்றிலும் குரல்நாண் ஒரே மாதிரிதான் அதிர்கிறது. நாக்கு எங்கே தொடுகிறது, எப்படி வளைகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாடு ஒலியில் வெளிப்படுவது ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பழைய கம்பித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது; அதிலேயே நாம் ஊர்க்கதை முழுவதும் பேசினோம். ஆக, பாடத்துக்குத் தேவை பெரிய சத்தம் என்பதைவிட, இந்த நடுப்பகுதி கலங்காமல் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்வது. கைப்பேசியின் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகத்தளவு. தலைக்கு மேல் மூன்று மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே உஸ்மான் சாலையின் ஹாரன், மயிலாப்பூர் என்றால் பறக்கும் ரயிலும் இப்போது மெட்ரோ பணிகளும். இவற்றோடு அது போட்டி போட முடியாது. இசைப்பெட்டியின் எந்தப் பாகத்தை முதலில் இணைப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

தொடங்கும் முன், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் செட்டை மேசை மேல் பின்பக்கம் திருப்பி வையுங்கள். காற்றுத் துளைகள் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னையில் சும்மா கிடந்த எந்த மின்சாதனத்துக்குள்ளும் எறும்பு இருக்கும், பல்லியும் குடியிருக்கும். ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டைகளைப் பார்த்தேன். (சொல்வதை எழுதுதலில் வந்த பல்லிகள் போதாதென்று!) உள்ளே ஏதாவது தென்பட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே மின்சாரம் தரவேண்டும். நாம் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பின்பக்கத்தில் இருப்பவை பார்வைக்குப் பலவாகத் தோன்றினாலும் மூன்றே கூட்டம்தான். உள்ளே வருபவை, வெளியே போகும் மெல்லிய சைகைகள், வெளியே போகும் வலுவான மின்னோட்டம். சிவப்பும் வெள்ளையுமாக வட்டமான ஆர்.சி.ஏ. துளைகள் முதல் இரண்டு கூட்டத்தைச் சேர்ந்தவை. கைப்பேசியை இணைக்க 3.5 மில்லிமீட்டர் முனை ஒருபக்கமும் சிவப்பு, வெள்ளை முனைகள் மறுபக்கமும் உள்ள ஒரு கேபிள் வாங்கி 'ஆக்ஸ்' என்று எழுதிய இடத்தில் செருக வேண்டும். 'ஃபோனோ' என்று எழுதியிருப்பது இசைத்தட்டுக் கருவிக்கானது. அங்கே வரும் சைகை மிக மெல்லியது என்று எண்ணி ஆம்ப்ளிஃபையர் அதைப் பல மடங்கு பெருக்கும். கைப்பேசியை அதில் செருகினால் கரகரவென்று காது கிழியும். செட் பழுது என்று ஒதுக்கிவைத்த ஒரு பள்ளியில் நான் பார்த்தது இந்த ஒரு துளை மாற்றத்தை மட்டுமே.

மூன்றாவது கூட்டம் ஸ்பீக்கர் முனைகள். சிவப்பும் கறுப்பும் ஜோடியாக, திருகவோ அழுத்தவோ கூடியவை. இடது ஜோடி ஒன்று, வலது ஜோடி ஒன்று. இந்த முனைகளிலிருந்து வருவது ஸ்பீக்கரின் கூம்பையே தள்ளி இழுக்கும் மின்னோட்டம். இதை வேறெந்தக் கருவியின் உள்வாங்கும் துளையிலும் இணைக்கக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டிய எண் ஓம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருக்கும். மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு அது. மல்டிமீட்டரால் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறரை, ஏழு ஓம் என்றுதான் காட்டும். கம்பிச்சுருளின் மின்தடை மட்டும் அது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலும் குறைந்தபட்ச ஓம் அச்சிட்டிருப்பார்கள். சில செட்டுகளில் 'ஏ', 'பி' என்று இரண்டு வரிசை ஸ்பீக்கர் முனைகள் உண்டு. ஒரு வரிசை மட்டும் என்றால் 4 ஓம் போதும், இரண்டையும் சேர்த்து இயக்கினால் ஒவ்வொன்றும் 8 ஓமாக இருக்கவேண்டும் என்று பக்கத்திலேயே குறித்திருக்கும். காரணம் மாணவர்களுக்குத் தெரிந்ததே. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம். நான்கை அப்படி இணைத்தால் 2 ஓம். முனைகளில் 12 வோல்ட் இருக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் எடுப்பது ஒன்றரை ஆம்பியர். 2 ஓம் என்றால் 6 ஆம்பியர். வீட்டுச் செட்டின் டிரான்சிஸ்டர்கள் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இது கணக்குப் புத்தகத்து எச்சரிக்கையோடு நிற்பதில்லை. ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வந்த ஒலி அமைப்பாளர், கூடுதல் சத்தம் வேண்டும் என்று நான்கு ஸ்பீக்கர்களையும் ஒரே ஜோடி முனையில் முறுக்கிவிட்டுப் போனார். வரவேற்பு நடனம் முடிவதற்குள் செட் அடங்கிவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்கு அந்தப் பள்ளியில் ஒதுக்கீடு இல்லாததால் அது இன்றும் அலமாரி மேல்தான் இருக்கிறது. நான்கு ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டிரண்டாகத் தொடரிணைப்பில் இணைத்து (16 ஓம்), அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மறுபடியும் 8 ஓம். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் போடும் கணக்குதான். அதே கணக்கை ஒரு மல்டிமீட்டரோடும் நான்கு பழைய ஸ்பீக்கர்களோடும் மேசை மேல் செய்யவைத்தால், தொடரும் பக்கமும் தேர்வுக்குப் பிறகும் நினைவில் நிற்கும்.

வாட் பற்றியும் ஒரு வார்த்தை. கடைத் தெருவில் அட்டைப் பெட்டி மேல் '1000 வாட்', '3000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்ற விளம்பர எண். கண் இமைக்கும் நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிச் சொல்வது அது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்தான் உண்மையான அளவு. ஒரு சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவுக்கு ஒலி தரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். அப்படியானால் நான்கு மீட்டரில் 75. நாம் குரலெடுத்துப் பேசும்போது ஒரு மீட்டரில் இருப்பதைவிட அது அதிகம். மூடிய அறையில் சுவர்களின் எதிரொலியும் சேர்வதால் குறைவு இன்னும் கொஞ்சம்தான். ஒரு வகுப்பறைக்கு 20 வாட் செட் தாராளம்.

இனி வயர். நம்மூர்க் கடைகளில் 14/36, 23/36, 40/36 என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முதல் எண் உள்ளே எத்தனை இழைகள் என்பது. 36 என்பது இழையின் கேஜ். 36 கேஜ் இழையின் விட்டம் 0.193 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால் 14 இழை வயர் 0.41 சதுர மில்லிமீட்டர், 40 இழை வயர் 1.17 சதுர மில்லிமீட்டர். செட்டிலிருந்து ஸ்பீக்கர் வரை 10 மீட்டர் என்றால் போகவும் வரவும் 20 மீட்டர் தாமிரம். மின்தடை எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் முதலாவதில் சுமார் 0.83 ஓம், இரண்டாவதில் 0.29 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14/36 போட்டால் போய்ச்சேர வேண்டிய திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 40/36 வாங்குங்கள், விலை வேறுபாடு பெரிதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கிலும் கிடைக்கும். 'ஆக்சிஜன் இல்லாத தாமிரம்', 'தங்க முலாம்' என்று கூடுதல் விலை சொல்லுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் தோல் சீவி, இழைகளை இறுக முறுக்கிச் செருக வேண்டும். தலைமுடி போன்ற ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் குறுக்குச் சுற்று. நல்ல செட் தானே நின்றுவிடும்; மற்றவை எரியும். நம் கடலோரக் காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் தாமிர முனைகள் ஒரே ஆண்டில் கறுத்தும் பச்சை பூத்தும் போகின்றன. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது முனையை வெட்டிப் புதிதாகச் சீவிவிட்டால் பாதிக் கரகரப்பு போய்விடும்.

சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இதை வெறும் ஒழுங்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிவிட்டால் இடது கூம்பு முன்னால் வரும்போது வலது கூம்பு பின்னால் போகும். ஒன்று அழுத்தும் காற்றை மற்றது உறிஞ்சும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேசுபவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுக்க அலையும். ஸ்பீக்கர் இரண்டும் பாடுகின்றனவே என்று நாம் இருந்துவிடுவோம். பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்டார்ச் செல் ஒன்றை வயரில் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். பெரிய கூம்பு வெளியே துள்ளினால் செல்லின் நேர்முனை தொட்ட வயர்தான் சிவப்பு. உள்ளே போனால் கறுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் சோதனை இல்லை. கூம்பின் மேல் நாலு அரிசியைப் போட்டுவிட்டால் அது துள்ளுவதை வகுப்பே பார்க்கும். சிறிய ட்வீட்டர் தனியாக இருந்தால் அதில் மட்டும் செல்லை வைக்க வேண்டாம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது? வீட்டில் இரண்டும் எதிர்ச் சுவரில் இருக்கும். நடுவில் ஒரு சோபா. வகுப்பில் சோபா இல்லை, நாற்பது பேர் இருக்கிறார்கள். இருபதுக்கு இருபது அடி அறையில் இரண்டையும் கரும்பலகையின் பக்கத்தில் வைத்தால் முதல் வரிசைக்குக் காது அடைக்கும். கடைசி வரிசைக்கு நேர் ஒலியைவிட தரையிலும் கூரையிலும் பட்டு வரும் எதிரொலியே மிகும். எதிரொலி மிகும்போது முதலில் தொலைவது மெய்யெழுத்துதான். எனவே பக்கச் சுவர்களின் நடுவில், பிள்ளைகள் தலைக்குச் சற்று மேலே, ஐந்தடி உயரத்தில் ஓர் ஆணித்தட்டில் வைத்து இலேசாகக் கீழே சாய்க்கிறேன். எந்தப் பிள்ளையும் ஏதாவது ஒரு ஸ்பீக்கரிலிருந்து நாலரை மீட்டருக்குள் வந்துவிடும். இசை ரசிகர்கள் இதை ஒப்பமாட்டார்கள், இடம் வலம் பிரிந்து கேட்கும் சுகம் போய்விடும் என்பார்கள். போகட்டும். ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்தியே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே குரல் வரும். 'பாஸ்' திருகு நடுவுக்குக் கீழே இருக்கட்டும்.

செட்டில் வானொலியும் இருந்தால் ஆன்டெனா வேண்டும். நம் வகுப்பறைக்கு வானொலி புதிய விருந்தாளி அல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்றி அது நின்றுபோன பிறகு அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சிக்கு வந்தது. 1930 ஏப்ரலிலிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்கு மாலை இசை; மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இசைப்பாடமும் கதையும். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பின்தான் அது ஓய்ந்தது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் இந்த ஊரில்தான், 1977 ஜூலை 23 அன்று. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1 முதல் கிண்டியிலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது.

ஆன்டெனாவின் நீளத்தை அலைநீளம் முடிவு செய்கிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர். அதில் பாதி நீளக் கம்பி, நடுவில் பிரித்து இரண்டு கைகளாக நீட்டியது, நன்றாக வாங்கும். ஒவ்வொரு கையும் கால் அலைநீளம், அதாவது 75 சென்டிமீட்டர். கம்பியின் முனை விளைவால் நான்கைந்து விழுக்காடு குறைத்து 72 என்று வைத்துக்கொள்ளலாம். செட்டோடு வரும் 'டி' வடிவ நாடா ஆன்டெனா இதே தத்துவம்தான். அது தொலைந்திருந்தால் 23/36 வயரின் இரு இழைகளையும் 72 சென்டிமீட்டருக்குப் பிரித்து, பிரிந்தவற்றை இரு பக்கமும் நீட்டி ஓர் அளவுகோல் கட்டையில் கட்டி, மீதியைச் செட்டின் பண்பலை ஆன்டெனா முனைக்குக் கொண்டுபோனால் சென்னைக்குள் போதும். திருகு முனைகள் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வயர். டி.வி. கேபிள் போல நடுத் துளையுள்ள 75 ஓம் முனை என்றால் ஒரு வயர் நடுவுக்கு, மற்றது வெளிவளையத்துக்கு.

நகரத்துக்குள் சைகை பலவீனம் என்பது அரிதாகவே சிக்கல். தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி எழுந்திருக்கும் உயரக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு கலந்து இரைச்சலாக்குகின்றன. இதற்கு மருந்து கையில்தான் இருக்கிறது: ஆன்டெனாவை ஓர் அடி நகர்த்துங்கள், திருப்புங்கள், படுக்கையிலிருந்து நிமிர்த்துங்கள். அலைநீளமே மூன்று மீட்டர் என்பதால் ஓர் அடி நகர்வும் வேறுபாடு காட்டும். ஜன்னல் கம்பியிலோ இரும்பு பீரோவிலோ அதைச் சாய்க்காதீர்கள். ஸ்டீரியோவாக வரும் பண்பலை கொரகொரத்தால் மோனோவுக்கு மாற்றுங்கள், இரைச்சல் பெருமளவு அடங்கும். பேச்சு நிகழ்ச்சிக்கு அதனால் நட்டமில்லை. மத்திய அலை வரிசை வேறு கதை. 720 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 417 மீட்டர். அதற்குப் பாதிக் கம்பி கட்ட நம் பள்ளி மைதானமே போதாது. அதனால்தான் அதற்குக் கம்பிச்சுருளாக ஒரு வளைய ஆன்டெனா தருகிறார்கள். வளையத்தைச் சுழற்றினால் ஒலி கூடிக் குறையும். எல்.இ.டி. குழல்விளக்கும் கைப்பேசி சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் 'ஙொய்' என்ற இரைச்சல் வரும். ஒவ்வொன்றாக அணைத்து எது காரணம் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அது வகுப்பறைக்குள் வழி காட்டும்.

சப்வூஃபரைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. பெரிய பெட்டி என்பதால் ஆசிரியர்கள் முதலில் இணைக்க விரும்புவது அதைத்தான். அதன் எல்லை ஏறக்குறைய 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ல, ள, ழ வேறுபடும் இடம் அதற்கு நெடுந்தொலைவு மேலே. இன்னும் மோசம், வலுவான தாழ்ந்த ஒலி காதுக்குள் உயர்ந்த ஒலிகளை மூடி மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைக்காது. மொழிப்பாடத்துக்குச் சப்வூஃபர் உதவாததோடு இடைஞ்சலும்கூட. நடனம், யோகா, ஆண்டு விழா, மிருதங்கத்தின் இடந்தலை ஒலியைப் பிள்ளைகள் உணர வேண்டிய இசை வகுப்பு என்றால் தாராளமாகப் போடுங்கள்.

இணைப்பது எளிது. சப்வூஃபருக்குச் சொந்தமாக மின்சார வயர் இருந்தால் அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. செட்டில் 'சப்வூஃபர் அவுட்' என்ற ஒற்றை ஆர்.சி.ஏ. துளையிலிருந்து அதன் 'லைன் இன்' துளைக்கு ஒரே ஒரு கேபிள். மின்சார வயர் இல்லாமல் ஸ்பீக்கர் முனைகள் மட்டும் இருந்தால் அது வெறும் ஸ்பீக்கர்; மேலே சொன்ன ஓம் கணக்கைப் போடாமல் மற்ற ஸ்பீக்கரோடு சேர்த்து முறுக்கிவிடாதீர்கள். பிரிப்பு அதிர்வெண் திருகை 80இல் வையுங்கள். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அத்தனை நீள அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது என்பதால் பெட்டியை அறையில் எங்கும் வைக்கலாம். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து முழங்கும். அங்கே மட்டும் வேண்டாம். பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் அதை மாற்றிப் பார்த்து, எதில் தாளம் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் பாட்டைப் போட்டுக் கைதட்டி நிறுத்திவிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். பல்லி–பள்ளி, வலி–வளி–வழி, மனம்–மணம், அரை–அறை போன்ற இருபது சொற்களை உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து, வழக்கமான பள்ளி நேரத்தில், விசிறிகள் ஓட, ஜன்னல் திறந்திருக்க, செட்டின் வழியே போடுங்கள். தாள்களை வரிசை வாரியாகத் திருத்துங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வேறுபாடு மிஞ்சினால் ஸ்பீக்கரின் இடத்தையோ சாய்வையோ மாற்றி, மறுநாள் சொற்களின் வரிசையைக் கலைத்து மறுபடியும் செய்யுங்கள். ஒலி சீரான பிறகும், எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதே பிழைகளைச் செய்யும் ஓரிரு பிள்ளைகள் இருக்கலாம். அவர்களில் யாருக்கேனும் கேட்கும் திறனே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பெற்றோரிடம் பேசி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாகச் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் காதுப் பிரச்சினை வெளிப்பட்டது இப்படி ஒரு தாளில்தான். அதுவரை அவள் கவனமில்லாதவள் என்றே பெயர் வாங்கியிருந்தாள்.

செட்டின் மேல் துணி போர்த்திய நிலையில் அதை இயக்கக் கூடாது. நம் மே, ஜூன் வெயிலில் காற்றுத் துளை அடைபட்டால் அரை மணி நேரத்தில் கொதிக்கும். மூன்று முள் பிளக்கின் தடித்த எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிள்ளைகள் தொடும் இடத்தில் அதை அனுமதிக்கவே கூடாது. வயர் எதையும் மாற்றும் முன் சுவிட்ச் நிறுத்தப்பட வேண்டும், சத்தத் திருகு சுழியத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, எந்த வயர் எங்கே போகிறது என்று ஓர் அட்டையில் வரைந்து, ஸ்பீக்கர்களின் ஓம் அளவையும் எழுதி, செட்டின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். நாம் மாறுதலில் போன பிறகு வரும் ஆசிரியருக்கு அது தேவைப்படும்.